ஆங்கில வகுப்பும் ஐந்து வரியும்

தமிழ்த்துறை மலரில் ஆங்கில வகுப்பைப் பற்றி எழுதுவதா என அன்பர்கள் வினவக்கூடும். தமிழிலக்கியம் பயில வருவோர்க்கும் இரண்டாம் பகுதியில் ஆங்கிலம் உண்டு. தமிழில் பரிசு பெற்றும் அந்த ஒரு தாளில் தேறாமையால் பட்டத்திற்குக் காத்திருந்தோரை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் இஃது அயல்துறைச் செய்தியன்று.

நாம் இளங்கலை முதலாண்டில் சேர்ந்தது 1998ஆம் ஆண்டு. அன்றைய ஆங்கில வகுப்புக்கென்று மாறாத ஓர் ஒழுங்கு இருந்தது. வருகைப் பதிவு முடியும். ஆசிரியர் உரைநடைப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிப்பார். பொருளைத் தமிழில் விளக்குவார். இறுதிப் பதினைந்து நிமிடம் அவர் சுருக்கத்தைச் சொல்லச் சொல்ல வகுப்பு தலை நிமிராமல் எழுதும். கடினமான ஆங்கிலச் சொல்லின் தலைமேல் அதன் ஒலிப்பைத் தமிழெழுத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வோம். ஒரு மொழியை மற்றொன்றின் எழுத்தில் எழுதுவது நம் வீட்டுக்குப் புதிதன்று. நம் பாட்டியார் தமிழ் எழுத்தறியார். அரபு எழுத்தில் அமைந்த அரபுத்தமிழ் நூல்களையோ தடையின்றி வாசிப்பார்.

நம் பக்கத்தில் அமர்ந்த நண்பர் ஒரு ஹாபிழ். திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் தாங்கியவர். நாள்தோறும் சுபுஹுத் தொழுகைக்குப்பின் புதிய பாடத்தை ஒப்புவித்து, பழைய பாடத்தை மீளவும் ஓதி வளர்ந்த நினைவாற்றல் அவருடையது. அதே முறையை ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்தார். ஆசிரியர் சொன்ன சுருக்கம் இரண்டே நாளில் ஓர் எழுத்தும் பிசகாமல் அவர் நாவில் வந்து நிற்கும். முதலாண்டுத் தேர்வில் வகுப்பின் முதல் மதிப்பெண் அவருக்கே. நமக்கு அதில் மகிழ்ச்சியும் உண்டு, சிறிது பொறாமையும் உண்டு.

இரண்டாமாண்டில் ஆசிரியர் மாறினார், வழக்கங்களும் மாறின. வாரந்தோறும் கடைசி இருக்கையார் முன்வரிசைக்கு வரவேண்டும். சுருக்கம் சொல்லி எழுதவைப்பது நின்றது. வகுப்பின் முதல் பத்து நிமிடம், அன்று காலையில் தாம் கண்டதை ஒவ்வொருவரும் ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அவர் சிவப்பு மையால் திருத்தமாட்டார். அடியில் ஒரு வினா மட்டும் எழுதித் தருவார். மழையில் நனைந்தேன் என்று எழுதினால் குடை எங்கே என்று கேட்டிருப்பார். மறுநாள் அதற்கு விடை எழுதவேண்டும். நாம் எழுதிய முதல் ஐந்து வரிகளில் மூன்று பேருந்தைப் பற்றியவை, அத்தனையும் பிழை. ஆயினும் நாம் சொல்வதைக் கேட்க ஒருவர் ஆங்கிலத்தில் காத்திருக்கிறார் என்பது நம்மைக் கிளர்ச்சியுறச் செய்தது.

நண்பர் முதல் நாள் எழுதியது முந்தைய ஆண்டுப் பாடச் சுருக்கத்தின் முதல் ஐந்து வரிகள். ஒரு பிழையுமில்லை. அதன் அடியில் ஆசிரியர், இதைக் கண்டவர் யார் என்று கேட்டிருந்தார். தாள் கைமாறி அவரிடம் வருவதற்குள் அவ்வரிசை முழுவதும் அதைப் படித்துச் சிரித்தது. நாமும் சிரித்தோம்.

மறுநாள் முதல் அவர் ஆங்கில வகுப்புக்கு வரவில்லை. அந்நேரத்தில் கல்லூரிப் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்து ஓதிக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். அறிந்தும் ஆசிரியரிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து வருகைக் குறைவுப் பட்டியல் ஒட்டப்பட்டபின் அவரே நம்மை அழைத்துக் கேட்டார், நடந்ததைச் சொன்னோம். நண்பகல் வெயிலில் அவர் பள்ளிவாசல் படியில் நண்பரோடு அமர்ந்திருந்ததைத் தொலைவிலிருந்து பார்த்தோம்.

அடுத்த வகுப்பில் நண்பர் வந்தார். பழைய பாடச் சுருக்கத்தை ஒப்புவிக்குமாறு ஆசிரியர் கேட்டார். மூன்றாம் வாக்கியத்தில் நிறுத்தி, அதில் 'ஹி' வருமிடத்தில் 'ஐ' வைத்துச் சொல்லச் சொன்னார். 'ஹி கோஸ்' என்பது 'ஐ கோ' ஆயிற்று. ஓர் 'எஸ்' உதிர்ந்ததை அன்றுதான் காதால் உணர்ந்தோம். பின்னர் ஊர்ப்பெயரை மாற்றச் சொன்னார். காலத்தை மாற்றச் சொன்னார். பத்து நிமிடத்தில் கரும்பலகையில் இருந்தது, விடியற்காலையில் ஒரு சிறுவன் ஓதுபள்ளிக்கு நடந்து செல்லும் செய்தி. வாக்கியத்தின் எலும்பு பழைய பாடத்தினுடையது, மற்றதெல்லாம் நண்பருடையது. அதுமுதல் வாரம் ஒரு பத்தியை மனப்பாடம் செய்து வந்து மாற்றிச் சொல்வதும் வகுப்பின் வழக்கமாயிற்று. நண்பர் பட்டம் பெற்றார். இன்றும் நம்மோடு கடிதத் தொடர்புடையவர். அச்சிரிப்பைப் பற்றி மட்டும் நாம் அவரிடம் பேசியதில்லை.

பின்னாளில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காகப் படித்த காலத்தில் என்.எஸ். பிரபு அவர்களின் எழுத்துகள் கிடைத்தன. 1979 முதல் 1984 வரை பெங்களூர்த் திட்டம் எனப்பெறும் முயற்சியில், இலக்கணத்தை முன்னிறுத்தாமல், வரைபடம் பார்த்து வழி கண்டறிதல், கால அட்டவணை பார்த்துக் கணக்கிடுதல் போன்ற பணிகளால் தென்னிந்தியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தவர் அவர். புதுமுறை கண்டவரே 1990இல் வெளியிட்ட கட்டுரையில், எல்லார்க்கும் சிறந்த முறை என ஒன்றில்லை என்று வாதிட்டார். கற்பித்தல் உயிர்ப்பின்றி வெறும் பழக்கமாக இறுகிவிடுவதே உண்மையான கேடு என்பது அவர் கருத்து. மனப்பாடத்தை எள்ளி நகையாடுவோரைக் காணும்போது நமக்கு அக்கட்டுரையும் நண்பரும் சேர்ந்தே நினைவுக்கு வருவர். ஆனால் எள்ளுவோரில் நாமும் ஒருவராகப் பல ஆண்டு இருந்திருக்கிறோம்.

அண்மையில் நன்னூல் வகுப்பில் முதலாண்டு மாணவர் ஒருவர் குற்றியலுகர நூற்பாவை மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். எடுத்துக்காட்டுக் கேட்டதும் ஊமையானார். கடிந்துரைக்க வாய் திறந்த நாம், வீட்டில் புழங்கும் சொற்களில் தேடிப் பார்க்கச் சொன்னோம். சற்று நேரம் சென்று "பாங்கு" என்றார். பிறகு தாமாகவே "நோன்பு" என்றார். இரண்டும் மென்தொடர். உற்சாகம் மேலிட மற்றொருவர் எழுந்து "சஹர்" என்றார். அதன் ஈற்றில் உகரமே இல்லை. வகுப்பு சிரிக்கத் தொடங்கியது. அவரை அமரச் சொல்லாமல் இன்னொரு சொல் கேட்டோம்.