பச்சைக் குழந்தைக்குக் கத்தியா?

பிறந்த சில நாட்களில் குழந்தையின் மார்பு லேசாக வீங்குவது உண்டு. துளிப் பால்கூட வரும். ஆண், பெண் இரண்டுக்கும் இப்படித்தான். உடனே, "பால் கட்டியிருக்கு, பிதுக்கி எடுத்துடணும்" என்பார்கள் பெரியவர்கள்.

2017இல் என் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்ட வந்த அம்மாளும் தினம் அப்படித்தான் பிதுக்கி விட்டாள். 12ஆம் நாள் ஒரு பக்கம் சிவந்து கல் மாதிரி ஆகிவிட்டது. குழந்தை பால் குடிக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. பொழுது விடிவதற்குள் சிவப்பு அக்குள் வரை பரவி, நடுவில் கருநீலம் பூத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். "பச்சைக் குழந்தைக்குக் கத்தியா? ஊசி போட்டுப் பாருங்களேன்" என்று அக்கா கதறினாள்.

லேடி டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ஊசி மருந்து ரத்தத்தோடதாம்மா போய்ச் சேரணும். இங்கே தோலுக்கு அடியிலே சதை செத்துப் போச்சு, ரத்த ஓட்டமே இல்லை. மருந்து எப்படிப் போகும்? செத்ததை எடுத்தாத்தான் மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்."

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

மயக்க மருந்து கொடுத்துச் செத்த சதையை நீக்கினார்கள். மறுநாள் மறுபடி பார்த்து, மீதியையும் எடுத்தார்கள். ஆன்டிபயாடிக் ஊசி, தினமும் டிரெஸ்ஸிங். புண் சுத்தமானதும் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். குழந்தை பிழைத்தாள். ஆனால், பெரியவளாகும்போது அந்தப் பக்க மார்பு சரியாக வளராமல் போகலாம் என்கிறார்கள். அந்தக் கவலை அக்காவுக்கு இன்றும் தீரவில்லை.

சகோதரிகளே, அந்த வீக்கம் வியாதியே அல்ல. கர்ப்பத்தில் தாயின் ஹார்மோன் குழந்தைக்கும் போவதால் வருவது. தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். பிதுக்கினால் அங்கே காயம் பட்டு, தோல் மேலிருக்கும் கிருமி உள்ளே போய்விடும்.

சிவப்பு, சூடு, சீழ் கண்டால் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். ஆரம்பத்திலேயே போனால் மருந்தோடோ, சின்னக் கீறலோடோ போய்விடும். சிவப்பு வேகமாகப் பரவினாலோ, நிறம் கறுத்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டர் கத்தி வைக்க வேண்டும் என்றால் தயங்காதீர்கள்.

முக்கியமாக, "வழக்கம்தானே" என்று யார் கை வைக்க வந்தாலும், "வேண்டாம்மா, தானா சரியாயிடும்" என்று தன்மையாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.