கறுப்பியின் கண்கள்

எங்கள் வீட்டுக் கறுப்பிக்குப் பன்னிரண்டு வயதானபோது, அவளது சிறுநீரகம் பழுதுபட்டுவிட்டதென மிருக வைத்தியர் சொன்னார். அன்றிரவு அவளது படங்களைத் தேடினேன். நூற்றுக்கு மேல் இருந்தன. ஒன்றிலேனும் முகம் இல்லை. வெண்மணல் முற்றத்தின் நடுவே நாயின் வடிவில் ஒரு மைக்கறை, அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளாகப் பிறர் எடுத்த படங்களுக்கு விளக்கம் எழுதியவன், என் வீட்டு நாயின் கண்களைத் தவறவிட்டிருந்தேன்.

மறுநாள் நெருங்கிச் சென்று, படம் முழுவதும் அவளே நிறையும்படி எடுத்தேன். இம்முறை கண்கள் தெரிந்தன. ஆனால் கறுப்பி சாம்பல் நிறமாகியிருந்தாள். நரைத்த மோவாய்க்கும் கரிய ரோமத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை.

எங்கள் பத்திரிகையில் பணியாற்றி ஓய்வுபெற்ற படப்பிடிப்பாளர் ஒருவரிடம் இரண்டையும் காட்டினேன். பிலிம் காலத்து மனிதர். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, நாயை அளக்கக்கூடாது. நாயில விழுற வெளிச்சத்தைத்தான் அளக்க வேணும்."

பின்னர் விளக்கினார். கமெராவின் ஒளிமானி, தன்முன் உள்ள காட்சியை, 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் போன்றதொரு நடுத்தரச் சாம்பலாகவே கணிக்க முற்படும். வெண்மணல் நிறைந்தால் ஒளியைக் குறைத்துவிடும், நாய் கரிக்கட்டியாகும். கறுப்பு நிறைந்தால் ஒளியைக் கூட்டிவிடும், நாய் வெளிறும். ஆகவே கறுப்பு நாய்க்கென ஒரே விதி கிடையாது. பின்னணி வெளிச்சமாக இருந்தால் ஒரு ஸ்டொப்போ ஒன்றரையோ கூட்ட வேண்டும். நாயே படத்தை நிறைத்தால் அதே அளவு குறைக்க வேண்டும். ஒரு ஸ்டொப் என்பது ஒளியை இருமடங்காக்குவது அல்லது பாதியாக்குவது.

அவர் கையாண்ட வழி இன்னும் எளியது. நாயின் முகத்தருகே உள்ளங்கையை வைத்து அளப்பது. உள்ளங்கை நடுச் சாம்பலிலும் ஏறக்குறைய ஒரு ஸ்டொப் வெளிச்சமானது. எனவே அந்த அளவிலிருந்து ஒரு ஸ்டொப் கூட்டி, மனுவல் முறையில் நிலைநிறுத்திவிட வேண்டும்.

நண்பகல் வெயிலில் கரிய ரோமத்தின் மினுக்கம் வெள்ளையாய்த் தெறிக்கும். ஆதலால் காலை ஏழு மணியளவில் வேப்பமர நிழலில், முற்றத்தைப் பார்த்தபடி கறுப்பியை இருத்தினேன். அவளுக்குப் பின்னால் நிழல்படிந்த சுவர். இத்தனை காலமும் படத்தைக் கெடுத்த வெண்மணல், இப்போது ஒளியைத் தெறித்து அவள் முகத்தில் ஏற்றியது. உள்ளங்கையை நீட்டினேன், நக்கினாள். துடைத்துவிட்டு அளந்தேன்.

அந்தப் படத்தில் ரோமம் கறுப்பாகவே இருந்தது. நரை தனியே தெரிந்தது. இரு கண்களிலும் முற்றத்து வெளிச்சம் ஒரு புள்ளியாய் நின்றது.

அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் எங்களைப் பாக்குது," என்றார்.

கறுப்பி அதன்பின் ஏழு வாரங்கள் இருந்தாள். கறுப்பு நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நோய் வரும்வரை காத்திராதீர்கள். கைத்தொலைபேசியாயின் முகத்தைத் தொட்டு, கறுப்பு கறுப்பாகும்வரை வெளிச்சத்தைச் சற்றுக் கீழிறக்கினாற் போதும். நாளைக் காலையே நிழலில் இருத்தி ஒரு படம் எடுத்துவையுங்கள்.