வெள்ளைக் கோட்டுப் பை

மகள் எம்.டி. முதலாண்டு. துவைக்கப் போட்ட கோட்டுப் பையில் நொறுங்கிய பிஸ்கட், பாதி காலியான அசிடிட்டி மாத்திரை அட்டை. மெஸ் திறந்திருக்கும் நேரம் அவள் வார்டில். வார்டு விடும்போது மெஸ் மூடியிருக்கும். இதில் சர்க்கரை நோயாளிகளுக்கு "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று அறிவுரை வேறு!

பட்டமேற்படிப்பு மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992லேயே வரம்பு சொல்லிவிட்டது. இவளோ காலை 8 மணிக்குப் போனால் மறுநாள் சாயங்காலம்தான் வருகிறாள். ஆள் பற்றாக்குறையாம். மன அழுத்தத்துக்கு யோகா வகுப்பு வைக்கிறார்கள். அதற்கும் தூக்கத்தில்தான் கைவைக்கணும். முதலில் டூட்டி சார்ட்டைத் திருத்துங்கப்பா.

"நாங்களும் இப்படித்தான் படிச்சோம்" என்று கமெண்ட் போட வரும் சீனியர் டாக்டர்களே, உங்க பி.பி. மாத்திரை இப்போ எத்தனை மில்லிகிராம்?