நிரலுக்கு இட்ட பெயர்

நூலுக்குப் பெயர் அமையும் வழிகளைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் வகுத்துரைத்திருக்கிறார். முதனூலால், ஆக்கியோனால், அளவால், பொருளால், செய்வித்தோனால் எனக் காரணங்களை அடுக்கிவிட்டு, காரணமின்றி இடுகுறியாகவும் பெயர் எய்தும் என்று முடிக்கிறார். தொல்காப்பியம் ஆக்கியோனால் பெற்ற பெயர். நாலடி நானூறு அளவால் பெற்ற பெயர். கணிப்பொறி நிரல் எழுதும் இளைஞர் ஒருவருக்கு இச்சூத்திரத்தை எடுத்துரைக்கும் வாய்ப்பு சென்ற ஆண்டு எனக்குக் கிட்டியது.

திண்டிவனத்தில் என்னிடம் ஓதிய மாணவர் அவர்; இப்போது விழுப்புரத்தில் இருக்கிறார். கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கும் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று அவ்வூரில் உண்டு. அதன் கூட்டங்களில் பழகியவர். நிரல் உலகில் நூலகம் என்பது ஏடுகள் அடுக்கிய மண்டபமன்று. ஒருவர் எழுதிய நிரற்பகுதியைப் பிறரும் எடுத்தாளுமாறு கட்டிவைத்த தொகுப்பு. அரபுப் பெயர்களைத் தமிழெழுத்திலும் ஆங்கில எழுத்திலும் ஒரே சீராகப் பெயர்த்துத் தரும் நூலகமொன்றை அவர் ஆக்கியிருந்தார். அவருடைய பாட்டியாரின் பெயர் குடும்ப அட்டையில் ஒருவாறும் வேறு சான்றில் மற்றொருவாறும் இருந்தமையால் கடவுச்சீட்டு கிடைக்காமல் உம்ராப் பயணம் தடைப்பட்டு நின்றது. அந்த வருத்தத்தில் பிறந்த முயற்சி அது. ஃபாத்திமா, பாத்திமா, பாத்துமா என ஒருவரே மூவராகிவிடும் விந்தை நம் வீடுகளுக்குப் புதிதன்று.

"நூர் என்று வைக்கலாமா, ஹஸ்ரத்?" என்றார்.

"பிள்ளைக்கு வைக்கலாம், தம்பி" என்றேன். ஒரே தெருவில் நான்கு நூர்கள் இருந்தால் தகப்பனார் பெயரைச் சேர்த்து அழைத்துக்கொள்கிறோம். அரபியர் இதற்கென்றே குன்யத், லகப், நிஸ்பத் எனப் பெயரோடு பெயரைக் கோத்தனர். நிரற்களஞ்சியத்தில் அவ்வசதி குறைவு. பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியத்தில் ஒரு பெயர் ஒரு தொகுப்புக்கே உரியது. அப்பெயரிலும் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு இவையன்றிப் பிறிதொன்றும் வரலாகாது.

இங்கேதான் நம் ழகரம் இடர்ப்படுகிறது. தமிழிலேயே நிரல் எழுதுவதற்கென முத்தையா அண்ணாமலை ஆக்கிய மொழிக்கு 'எழில்' என்று பெயர். இனிய பெயர்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் அதனைத் தேடுவோர் எத்தனை விதமாகத் தட்டச்சு செய்வர்! விழுப்புரத்தாருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அவ்வூரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒற்றை லகரமாகவும் வேறோரிடத்தில் இரட்டை லகரமாகவும் எழுதுகிறார்கள். 2020-ல் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. முத்தையா அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய தமிழ் நிரல் நூலகத்துக்கோ 'ஓப்பன் தமிழ்' என்று பெயர். அழகு சற்றுக் குறைவுதான். எனினும் காதால் கேட்டவன் தவறாமல் தேடிப் பெறுவான்.

எழுத்து பிசகினால் இழப்பும் நேரும். அரபியில் ஒரு நுக்தா ஜீமை ஹாவிலிருந்து பிரிக்கிறது. 2017-ல் 'கிராஸ்-என்வ்' என்னும் புகழ்பெற்ற தொகுப்பின் பெயரிலிருந்து சிறுகோட்டை மட்டும் நீக்கி, அதே போன்ற பெயரில் ஒருவர் வஞ்சக நிரலை என்.பி.எம். களஞ்சியத்தில் ஏற்றி வைத்திருந்தார். கோட்டை மறந்தவர்களின் இரகசியக் குறிகளைத் திருடுவதே அதன் வேலை. அதே களஞ்சியத்தில் 2016 மார்ச்சில் 'கிக்' என்ற பெயருக்கு ஒரு நிரலாளரும் அதே பெயருடைய நிறுவனமும் உரிமை கோரினர். பெயர் நிறுவனத்துக்குப் போயிற்று. சினமுற்ற நிரலாளர் தம் தொகுப்புகள் அனைத்தையும் நீக்கினார். அவற்றுள் பதினொரு வரியே கொண்ட 'லெஃப்ட்-பேட்' என்பதும் ஒன்று. அதனை நம்பியிருந்த எண்ணற்ற நிரல்களின் ஆக்கம் சில மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயிற்று.

"பைத்தான் மட்டும் காரணப்பெயரா, ஹஸ்ரத்?" என்று மாணவர் மடக்கினார். நல்ல கேள்வி. அது பாம்பின் பெயரன்று, பி.பி.சி.யின் நகைச்சுவைத் தொடர் ஒன்றிலிருந்து எடுத்தது. லினக்ஸுக்கும் அதனை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் கருதிய பெயர் 'ஃபிரீக்ஸ்'. 1991-ல் அதனைத் தம் கணினியில் ஏற்றிவைத்த நண்பரே லினக்ஸ் என்று மாற்றினார். பவணந்தியார் கணக்கில் அது ஆக்கியோனால் வந்த பெயர். அவ்வளவு ஏன், அல்காரிதம் என்று இவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் சொல்லே ஒரு நிஸ்பத்தன்றோ! குவாரிஸ்ம் நாட்டவர் என்னும் பொருளில் அல்குவாரிஸ்மி என அழைக்கப்பட்ட கணித மேதையின் பெயர் இலத்தீனில் திரிந்து வந்தது அது. புகழ் சேர்ந்தபின் இடுகுறியும் விளங்கும். நாளைக்கு நான்கு பேர் தேடப்போகும் சிறு நூலகத்துக்குக் காரணப்பெயரே துணை என்பது என் துணிபு.

இறுதியில் 'அரபுப் பெயர்' என்றே முடிவாயிற்று. சிறப்பு ழகரம் இல்லை. வல்லின றகரமும் இல்லை. களஞ்சியத்தில் ஏற்றுமுன் முதற் சோதனையாகப் பாட்டியாரின் பெயரைக் கொடுத்துப் பார்த்தாராம். இரு சான்றுகளிலும் உள்ள எழுத்துக்கோவைகள் ஒரே பெயருக்குரியவை என்று நிரல் காட்டியிருக்கிறது. அந்தத் தாளை அச்சிட்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். கடவுச்சீட்டு இன்னும் வந்து சேரவில்லை.