அப்பா வாங்கிய பிளாஸ்க்

நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் கொண்டுபோக அப்பா வாங்கிய பிளாஸ்க் அது. போன மாதம் அதன் உள்கண்ணாடி உடைந்துவிட்டது.

"தூக்கிப் போட்டுட்டு ஸ்டீல்ல ஒண்ணு வாங்கிக்கோம்மா" என்றான் தம்பி. அம்மா பதில் சொல்லவில்லை. சில்லுகளைக் கொட்டிவிட்டு, வெறும் கூட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது.

அந்த மாடல் நின்றுபோய்ப் பல வருடங்கள். "ரீஃபிலா? இப்ப யாரும்மா கேக்குறாங்க?" என்று கடைக்குக் கடை சிரித்தார்கள். கும்பகோணத்தில் ஒரு பழைய பாத்திரக்கடைப் பெரியவர்தான் வழி சொன்னார். "கம்பெனி பேரைத் தேடாதீங்கம்மா. வாய் அகலம், உயரம், சுற்றளவு மூணையும் அளந்துட்டு வாங்க."

அளந்துகொண்டு போனேன். பரணிலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். வேறு கம்பெனிதான், ஆனால் அளவு கச்சிதம். கண்ணாடியின் அடியில் இருந்த கூர் முனையைக் காட்டி, "ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல காத்தே கிடையாது. அதனாலதான் சூடு நிக்குது. இந்த முனை லேசா உடைஞ்சாலும் காத்து பூந்துடும். அடி ரப்பரைப் பத்திரமா போட்டு மாட்டுங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வெறும் கூடு இருந்தால், எறிவதற்குமுன் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இப்போது அம்மா ராத்திரி அதில்தான் வெந்நீர் ஊற்றி வைக்கிறாள். விடிகாலையில் மாத்திரை போட மூடியைத் திறந்ததும், "இன்னும் ஆவி வருது பாரு" என்கிறாள், யாரிடமோ சொல்வதுபோல.