தாழியா, பெட்டியா?

சென்ற தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, வாசலில் ஒரு மாணவி கையில் தாளொன்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு பயில்பவள். கிரேக்கப் புராணக் கதை ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதனைக் கருப்பொருள், கதையமைப்பு, சொல்லாட்சி, இலக்கணம் என்னும் நான்கு தலைப்புகளில் ஆராய்ந்து எழுதி வருமாறு பணித்திருக்கிறார்கள். "சாமிக்குக் கிரேக்கம் தெரியும்னு உபதேசியார் சொன்னார்" என்றாள்.

குருமடத்தில் புதிய ஏற்பாட்டை மூலமொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்குமளவு கற்ற கிரேக்கம் அது. அதைத் 'தெரியும்' என்று சொல்வது உபதேசியாரின் அன்பு. ஆயினும் பெருமை யாரை விட்டது? உட்காரச் சொல்லி, எந்தக் கதை என்று கேட்டேன்.

"பண்டோராவின் பெட்டி, சாமி. அம்மாதான் இதை எடுத்துக்கச் சொன்னாங்க. அவங்க கல்யாணத்துல நீங்க பிரசங்கத்துல சொன்ன கதையாமே."

அப்போதுதான் அவள் யார் மகள் என்று எனக்கு விளங்கிற்று.

இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன், இதே பங்கில் நான் உதவிக் குருவாக இருந்தேன். இளம் வயது, பிரசங்கத்தில் மக்களைச் சிரிக்க வைப்பதில் தனி ஆசை. அத்திருமணத்தில், திறக்கக்கூடாது என்று கட்டளையிட்டுக் கொடுத்த பெட்டியைப் பண்டோரா என்னும் பெண் ஆவல் தாங்காமல் திறந்தாள், உலகத்துத் துன்பமெல்லாம் வெளியே பறந்தது என்று விரித்துரைத்து, மணமகளைப் பார்த்து, "நீ எந்தப் பெட்டியையும் திறக்காதே அம்மா" என்று முடித்தேன். கோவிலே சிரித்தது. ஆறு மாதத்தில் மணமகனின் வியாபாரம் நொடித்தது. மாமனார் நோயில் விழுந்தார். புகுந்த வீட்டார் அப்பெண்ணுக்கு வைத்த பெயர் 'பெட்டி திறந்தவள்.' இதனை நான் அறிந்தபோது வேறு பங்கிற்கு மாற்றலாகியிருந்தேன். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இப்பொழுது பங்குக் குருவாகத் திரும்பி வந்த பிறகும் அவ்வீட்டுப் படியேறத் தயங்கியே இருந்தேன்.

இதையெல்லாம் அம்மாணவியிடம் சொல்லும் துணிவு அன்று வரவில்லை. "மூல நூலையே பார்ப்போம்" என்றேன். என் கிரேக்கத்தை நான் நன்மைக்குப் பயன்படுத்திய நாட்கள் குறைவு. அவற்றுள் ஒன்று அது.

இக்கதையை நமக்குத் தருபவர் ஹெசியட் என்னும் கவிஞர். கி.மு. 700-ஐ ஒட்டிய காலத்தவர். கிரேக்க நாட்டின் பொயோத்தியாப் பகுதியில் அஸ்க்ரா என்னும் சிற்றூரில் உழவுத் தொழில் செய்தவர். 'வேலைகளும் நாட்களும்' என்னும் அவருடைய செய்யுள் 828 அடிகள் கொண்டது. அதனை அவர் பாடக் காரணம் ஒரு சொத்துத் தகராறு. தந்தையின் நிலத்தைப் பங்கிட்டதில் தம்பி பெர்செஸ் அதிகம் அள்ளிக்கொண்டான். நியாயம் சொல்ல வேண்டிய பெரியவர்களோ கையூட்டுக்கு வளைந்தவர்கள். அந்த மனக்கொதிப்பில், மனித வாழ்வு ஏன் இத்துணை உழைப்பும் துன்பமுமாயிற்று என்று தம்பிக்குச் சொல்ல வரும் இடத்தில்தான் பண்டோரா வருகிறாள்.

கதை இதுதான். ஜீயஸ் தேவன் மனிதரிடமிருந்து நெருப்பை மறைத்தான். புரொமேத்தேயுஸ் அதை உட்புழையுள்ள ஒரு செடித் தண்டில் ஒளித்துத் திருடி வந்து மனிதருக்குக் கொடுத்தான். சினந்த ஜீயஸ், நெருப்புக்கு ஈடாக ஒரு தீமையை நானே கொடுப்பேன், அதை மனிதர் மகிழ்ந்து தழுவிக்கொள்வர் என்று சொல்லி, மண்ணையும் நீரையும் குழைத்து ஒரு பெண்ணை வனையச் செய்தான். ஒரு தெய்வம் நெசவு கற்பித்தது. ஒன்று அழகு தந்தது. ஹெர்மெஸ் வஞ்சகத்தை உள்ளே வைத்தான். பிறகு அவளைப் புரொமேத்தேயுஸின் தம்பி எப்பிமேத்தேயுஸிடம் அனுப்பினார்கள். அவன் ஏற்றுக்கொண்டான். அவள் மூடியை எடுத்தாள், துன்பங்கள் சிதறின, எல்பிஸ் என்ற ஒன்று மட்டும் உள்ளே தங்கிற்று.

மாணவி குறிப்பெழுதிக்கொண்டே வந்தவள், "பெட்டிக்கு கிரேக்கத்துல என்ன சொல், சாமி?" என்றாள். நான் விரல் வைத்த இடத்தில் 'பித்தோஸ்' என்றிருந்தது. பெட்டியல்ல, தாழி. தானியம், எண்ணெய், திராட்சை இரசம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் பெரிய மட்பாண்டம். கிரேத்தா தீவில் கினோசோஸ் அரண்மனையின் களஞ்சிய அறைகளில் ஆளுயரப் பித்தோஸ்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. நம் வீடுகளில் குதிர் இருந்தது போல அங்கே அது. கையில் ஏந்திச் செல்லும் நகைப்பெட்டியன்று அது. வீட்டின் ஆண்டு உணவே அதனுள் இருந்தது. உழவரான ஹெசியட்டுக்கு அதன் மூடி திறந்துகிடப்பதன் பொருள் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அப்படியானால் பெட்டி எங்கிருந்து வந்தது? ரோத்தர்டாம் நகர எராஸ்முஸ் என்னும் பேரறிஞர், 1508-இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட தமது பழமொழித் தொகுப்பில், 'பித்தோஸ்' என்ற இடத்தில் 'பிக்சிஸ்' என்று எழுதிவிட்டார். பிக்சிஸ் என்றால் மூடியுள்ள சிறு பேழை. ஐரோப்பிய மொழிகள் பலவும் அவரைப் பின்பற்றின. 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சில் வெளியிட்டவரும் அவரே. என்னைப் போல் அவரும் ஒரு குருவானவர். ஒரு குருவின் கைத்தவறு ஐந்நூறு ஆண்டு நிலைத்ததை எண்ணியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தடை போட்டது யார்? ஜீயஸா?" என்று அடுத்துக் கேட்டாள். அந்த அடிகளை இருமுறை படித்தேன். தாழியைத் திறக்காதே என்று பண்டோராவுக்கு எவரும் சொல்லவில்லை. ஆவல் என்ற சொல்லும் அங்கே இல்லை. அத்தாழி யாருடையது, எங்கிருந்து வந்தது என்றும் கவிஞர் கூறவில்லை. தடை ஒன்று கதையில் உண்டு; ஆனால் அது ஆணுக்கு இடப்பட்ட தடை! ஜீயஸ் தரும் கொடை எதையும் வாங்காதே, திருப்பி அனுப்பிவிடு என்று புரொமேத்தேயுஸ் தம்பியை எச்சரித்திருந்தான். தம்பி அதை மறந்தான்; தீமை கைக்கு வந்த பின்னரே உணர்ந்தான். பெயர்களே இதைச் சொல்கின்றன. முன்னவன் பெயருக்கு 'முன்னறிவோன்' என்றும், பின்னவன் பெயருக்குப் 'பின்னறிவோன்' என்றும் பொருள் கொள்வர்.

"அப்ப சொன்ன பேச்சைக் கேக்காதது அவர்தானே, சாமி?" என்றாள் அப்பெண். நான் பேசாதிருந்தேன்.

அதன்பின் ஒரு சொல்லைத் தொடர்ந்து சென்றோம். 'தோரோன்' என்றால் கொடை. பண்டோரா என்ற பெயரிலும் 'எல்லாம்' என்ற சொல்லோடு கொடையின் வேர் இணைந்திருக்கிறது. அவள் எல்லாம் கொடுப்பவளா, எல்லாராலும் கொடுக்கப்பட்டவளா? நம் இலக்கண ஆசிரியர்கள் 'புலிகொல் யானை' என்ற தொடரைக் காட்டி, புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று மயக்கம் காட்டுவார்கள் அல்லவா? இங்கும் அதே மயக்கம். 'எல்லாம் கொடுப்பவள்' என்பது கிரேக்கர் நிலமகளுக்கு வழங்கிய அடைமொழி. ஹெசியட்டோ, தேவர் எல்லாரும் கொடை தந்தமையால் இப்பெயர் என்று விளக்கி, கொடுப்பவளைக் கொடுக்கப்பட்டவளாக்கிவிட்டார். தம்பி வழக்கில் கையூட்டு வாங்கிய பெரியவர்களையும் அவர் 'கொடையை விழுங்குவோர்' என்றே அழைக்கிறார், அங்கும் தோரோன்தான். கருப்பொருள் என்ற தலைப்பின்கீழ், "ஆவல் அன்று, ஆராயாமல் வாங்கும் கொடை" என்று அவள் எழுதிக்கொண்டாள்.

ஹெசியட்டை நான் நல்லவராக்கிக் காட்ட வரவில்லை. பெண்ணினத்தையே ஆணுக்கு வந்த தீங்காக அவர் பாடியிருக்கிறார். 'தேவர் பிறப்பு' என்ற அவருடைய மற்றொரு நூலில் பெண்களை உழைக்காமல் உண்ணும் சோம்பல் வண்டுகளுக்கு ஒப்பிடுகிறார். அந்நூலில் இப்பெண்ணுக்குப் பெயரும் இல்லை, தாழியும் இல்லை. பழி மட்டும் உண்டு. பண்டோரா மனிதருக்குத் துயரம் சூழ்ந்தாள் என்றும் நம் செய்யுளில் வருகிறது. ஆனால் வஞ்சகத்தை அவளுள் வைத்தது ஹெர்மெஸ். வனைந்தவர்களை விட்டுப் பாண்டத்தை ஏசுவது என்ன நியாயம்? எனினும் பெட்டியும் தடையும் ஆவலும் அவர் சொன்னவை அல்ல. பின்னால் வந்த நாங்கள் சேர்த்தவை.

இனி எல்பிஸ். ஆங்கிலத்தில் இதை 'ஹோப்' என்பர். நான் பிரசங்கத்தில், "நல்லவேளை, நம்பிக்கை மிஞ்சியது" என்று சொல்லியிருப்பேன். மாணவியோ ஒரே கேள்வியில் என்னை நிறுத்திவிட்டாள். "துன்பம் எல்லாம் வெளியே வந்ததாலதான் மனுசங்களுக்குக் கிடைச்சுது. எல்பிஸ் உள்ளேயே இருந்துட்டா அது நமக்குக் கிடைச்சுதா, கிடைக்கலையா?" இக்கேள்வியை அறிஞர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள், முடிவு காணவில்லை. அது நமக்காகக் காக்கப்படுகிறது என்பார் சிலர்; நமக்கு மறுக்கப்பட்டது என்பார் சிலர். தீமைகளோடு ஒரே தாழியில் கிடந்ததால் அதுவும் தீமையே என்பாரும் உளர். அதே செய்யுளின் பிற்பகுதியில், வேலை செய்யாமல் காத்திருப்பவனின் எல்பிஸ் வெறுமையானது, நல்லதன்று என்று கவிஞர் கண்டிக்கிறார். எனவே அச்சொல் அவர் காலத்தில் நன்மையையோ தீமையையோ எதிர்பார்த்திருத்தல் என்ற அளவிலேயே நின்றது.

வினைச்சொற்களைப் பார்த்தோம். துன்பங்களைச் 'சிதறினாள்' என்பது ஒருமுறை நடந்து முடிந்த செயலைக் காட்டும் வடிவம். எல்பிஸ் 'தங்கிற்று' என்பதோ தொடர்ந்து நிகழ்ந்ததைக் காட்டும் வடிவம். தங்கிக்கொண்டே இருந்தது என்று பெயர்க்கலாம். இவ்வினையின் வேரை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரம், இறுதி வசனம். அங்கும் எல்பிஸ் வருகிறது. அங்கும் அது 'நிலைத்திருக்கிறது.' ஹெசியட் இறந்த காலத்தில் சொன்னதைப் பவுலடியார் நிகழ்காலத்தில் சொல்கிறார். ஹெசியட்டின் எல்பிஸ் தாழியில் தன்னந்தனியாக இருக்கிறது. பவுலடியாரின் எல்பிஸுக்கு இருபுறமும் துணை இருக்கிறது.

என் தாயார் இரவுச் செபத்தில் 'விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்' என்றே சொல்வார். அவருக்கு எல்பிஸ் என்பது நம்பிக்கை. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்ற சொல் விசுவாசத்தின் இடத்திற்கு நகர்ந்தது. எல்பிஸ் 'எதிர்நோக்கு' ஆயிற்று. முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. செபம் தடுக்கி விழுந்தது போலிருந்தது. அன்று மாலை, அச்சொல்லைத் தேர்ந்தவர்கள் கிரேக்கத்தின் வேரை நன்றாகவே தொட்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் அவ்வீட்டிற்குச் சென்றேன். அவர் திண்ணையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து தோத்திரம் சொன்னார். நான் நாற்காலியில் அமராமலே சொன்னேன்: அன்று நான் சொன்ன கதை தவறு, மூல நூலில் பெட்டி இல்லை, அவளுக்கு யாரும் தடை போடவும் இல்லை, விளையாட்டாகச் சொன்னது உங்கள் தலைமேல் விழுந்தது, மன்னிக்க வேண்டும்.

அவர் சிறிது நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"மக ராத்திரியே சொன்னா, சாமி. என்னைப் பெட்டி திறந்தவன்னு சொன்ன மாமியார் போய்ச் சேர்ந்து ஏழு வருசமாச்சு. கடைசி மூணு வருசம் படுக்கையில, நான்தான் பார்த்தேன். அவங்ககிட்ட இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

பிறகு எனக்குக் காப்பி வைக்க உள்ளே சென்றார். வாசற்படியில் திரும்பி, "அவ எழுதினதுக்கு மார்க் கிடைக்குமா, சாமி? வாத்தியார் பெட்டின்னுதான் பாடம் எடுத்தாராம்" என்று கேட்டார்.