கலாட்டா பாலத்து மீன் ரொட்டி

இஸ்தான்புல்லில் 'கலாட்டா' என்றே ஒரு பாலம் இருக்கிறது. பேரில் மட்டும்தான் கலாட்டா. தூண்டிலும் கையுமாக மேலே வரிசை கட்டி நிற்பவர்கள் வாயே திறப்பதில்லை. 2014-ல் போயிருந்தேன்.

பாலத்தை ஒட்டி எமினோனு கரையில் தொட்டில் மாதிரி ஆடும் படகுகள். உள்ளே அடுப்பு. நம்ம கானாங்கெளுத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மீனைச் சுட்டு, பிளந்த ரொட்டிக்குள் வெங்காயத்தோடு திணித்து நீட்டுகிறார்கள். எலுமிச்சைச் சாறு நம்ம இஷ்டம். 'பாலிக் எக்மெக்' என்று பெயர். பாலிக் என்றால் மீன், எக்மெக் என்றால் ரொட்டி. தொட்டுக்கொள்ள? ஊறுகாய்த் தண்ணீரை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறார்கள், சாமி!

கடித்தேன். முள்ளே இல்லை. சட்டென்று அம்மா ஞாபகம். தொண்டையில் முள் சிக்கி ஆஸ்பத்திரி வரை போனதிலிருந்து, ஆறு வருஷமாக வெறும் மீன் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறவள்.

சென்னை திரும்பியதும் காசிமேட்டுக்கு ஓடினேன். நடுமுள்ளைக் கடையிலேயே எடுத்துவிட்டார்கள். மிச்சத்தை, மனைவி புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். (இதைப் படித்துத்தான் அவளுக்கே தெரியப்போகிறது!) உப்பு, மிளகு, பூண்டு, எலுமிச்சை, கொஞ்சம் எண்ணெய். 200 டிகிரி ஓவனில் 12 நிமிஷம். அதற்குமேல் விட்டால் சக்கைதான். தட்டில் கசிந்த எண்ணெயை ரொட்டியில் தடவி, அதையும் 2 நிமிஷம் உள்ளே தள்ளினேன்.

அம்மா முதல் வாயை நாக்கால் துழாவித் துழாவித் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. இன்னொரு வாய். அப்புறம் இன்னொன்று.

"மீன் நல்லாத்தான்டா இருக்கு. அடுத்த தடவை ரொட்டியை எடுத்துட்டு சோறு வை!"